நோயாளியின் கையில் புத்தகம் கொடுத்த டாக்டர்



இன்சுலின் என்று சொன்னதும் எல்லோருக்கும் பான்டிங் பெயர் ஞாபகத்துக்கு வரும். 1923-ல் நோபல் பரிசு வாங்கியவர், பொது அறிவுப் புத்தகங்களில் இடம் பிடித்தவர். ஆனால் மருந்தைக் கண்டுபிடித்துவிட்டால் மட்டும் நோயாளி பிழைத்துவிடுவாரா? அதை எவ்வளவு போடுவது, எப்போது போடுவது, அன்றைக்கு என்ன சாப்பிடுவது, அளவு கூடிப் போனால் என்ன செய்வது, இதையெல்லாம் வீட்டில் இருக்கும் மனிதருக்கு யாராவது சொல்லித்தர வேண்டாமா? அந்தச் சொல்லித்தரும் வேலையையே தன் வாழ்க்கையாக எடுத்துக்கொண்ட ஒரு டாக்டரைப் பற்றித்தான் இந்த மலரில் எழுதுகிறேன். அவர் பெயர் எலியட் ஜோஸ்லின். சர்க்கரை நோய் டாக்டர்களிடம் கேட்டுப் பாருங்கள், அந்தப் பெயரைத் தெரியாதவர் இருக்கமாட்டார்.

இன்ஸ்ட்ருமென்டேஷன் படிக்கிற உனக்கு டாக்டர் கதை எதுக்குப்பா என்று ஹாஸ்டல் நண்பர்கள் கேட்டார்கள். காரணம் இருக்கிறது. மெஷின் விற்கிற கம்பெனி கூடவே ஒரு கையேட்டையும் தருகிறது. ஆபரேட்டருக்கு டிரெயினிங் கொடுக்கிறது. மனித உடம்பு என்கிற மெஷினுக்கு ஆபரேட்டர் டாக்டர் அல்ல, நோயாளிதான் என்று புரிந்துகொண்டு, அவர் கையில் கையேட்டைக் கொடுத்தவர் ஜோஸ்லின். நமக்குச் சம்பந்தமில்லாத ஆள் இல்லை, நண்பர்களே!

பேரேடு எழுதிய மாணவர்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்று ஒரு சின்ன ஊர். பெயர் ஒன்றாக இருந்தாலும், இங்கிலாந்தில் இருக்கும் பல்கலைக்கழக ஊர் இது இல்லை. அங்கே 1869-ம் ஆண்டு ஜூன் 6-ம் தேதி பிறந்தார் ஜோஸ்லின். அப்பா ஷூ தொழிற்சாலை நடத்தியவர். யேல் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1895-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1898-ல் பாஸ்டன் நகரில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார்.

கல்லூரியில் படிக்கும்போதே, 1893-ல், சர்க்கரை நோய் வந்த ஓர் இளம் பெண்ணைப் பார்த்தார். அவளைப் பற்றிய விவரத்தை ஒரு பேரேட்டில் எழுதி வைத்தார். அதுதான் முதல் பக்கம். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு நோயாளிக்கும் பக்கம் போட்டு வயது, எடை, சாப்பாடு, சிறுநீரில் சர்க்கரை, எத்தனை வருஷம் உயிரோடு இருந்தார் என்றெல்லாம் எழுதிக்கொண்டே போனார். நம் பட்டறையில் மெஷினுக்கு லாக் புக் வைப்பது போல!

இந்த நோய் அவர் வீட்டுக்குள்ளேயும் வந்தது. சித்திமார் வரிசையில் ஒருவருக்கு இருந்தது. பிறகு பெற்ற தாய்க்கே வந்தது. அந்தக் காலத்தில் இன்சுலின் கிடையாது. குழந்தைக்கு இந்த நோய் வந்தால் ஓரிரு வருஷத்தில் மரணம் என்பதுதான் நிலைமை. ஆனால் ஜோஸ்லினின் அம்மா சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருந்து 10 வருஷத்துக்கும் மேல் வாழ்ந்தார், 1913-ல்தான் காலமானார். ஒருவர் தன் நோயைப் புரிந்துகொண்டு நடந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை மகன் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே பார்த்துவிட்டார்.

1916-ல், தான் பார்த்த 1,000 நோயாளிகளின் கணக்கை வைத்து டாக்டர்களுக்காக ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அத்தோடு நிறுத்தியிருந்தால் அவரும் நூற்றோடு ஒருவராகப் போயிருப்பார். 1918-ல் இன்னொரு புத்தகம் வந்தது. சர்க்கரை நோய்க் கையேடு. டாக்டருக்கும் நோயாளிக்கும் சேர்த்து எழுதப்பட்ட ஒரே புத்தகம்! டாக்டர் படிப்பதையே நோயாளியும் படிக்கலாம், படிக்க வேண்டும் என்பது அன்றைக்குச் சாதாரண விஷயம் இல்லீங்க. மருந்துச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாலே கோபப்படும் காலம் அது. அந்தக் கையேடு அவர் வாழ்ந்த காலத்திலேயே பதிப்பு மேல் பதிப்பாக வந்தது.

ஒரு தெருவில் மூன்று வீடுகள்

1921-ல் ஜோஸ்லின் ஒரு கட்டுரை எழுதினார். தன் சொந்த ஊர்த் தெருவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த மூன்று வீடுகளைப் பற்றிய கட்டுரை. அந்த வீடுகளில் அடுத்தடுத்துக் குடியிருந்த குடும்பத் தலைவர், தலைவிகள் 7 பேர். அதில் 6 பேர் சர்க்கரை நோயால் இறந்தார்கள். ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இதே 6 பேர் டைஃபாய்டில் போயிருந்தால் சுகாதார இலாகா ஓடிவந்து கிணற்றைச் சோதித்திருக்காதா, தடுக்க வழி தேடியிருக்காதா என்பது அவர் கேள்வி. மெதுவாகக் கொல்லும் நோய் என்பதால் நாம் சும்மா இருக்கிறோம், வரும்முன் காக்க வேண்டும் என்று அன்றைக்கே எழுதினார்.

பிற்பாடு 1946-47-ல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை அதே ஆக்ஸ்ஃபோர்டு ஊரில் 3,516 பேரைச் சோதித்தது. 70 பேருக்கு நோய் இருந்தது. அதில் 40 பேருக்குத்தான் ஏற்கெனவே தெரியும். மீதி 30 பேர் தங்களுக்கு இருப்பதே தெரியாமல் நடமாடிக்கொண்டிருந்தார்கள்!

இன்சுலின் வந்தது, வகுப்பும் வந்தது

1922 ஆகஸ்டு 7-ம் தேதி ஜோஸ்லின் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இன்சுலின் போட்டார். அவர் ஒரு நர்ஸ். பட்டினி வைத்தியத்தில் உடம்பு உருகி, எடை சுமார் 70 பவுண்டு, அதாவது 32 கிலோதான் இருந்தது. வீட்டை விட்டு வெளியே வரவே முடியாமல் கிடந்தவர், சில வாரங்களில் நடமாடத் தொடங்கினார். டாக்டர்கள் எல்லோரும் கொண்டாடினார்கள். இனி எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தவர்கள் பலர்.

ஜோஸ்லின் வேறு விதமாக யோசித்தார். இன்சுலின் வந்ததால் சொல்லித்தரும் வேலை குறையவில்லை, இரண்டு மடங்காகிவிட்டது. ஏன் தெரியுமா? இன்சுலின் குறைந்தால் நோய் முற்றி மயக்கம். கூடினால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி அதனாலும் மயக்கம். இரண்டுமே உயிருக்கு ஆபத்து. இப்படிப்பட்ட மருந்தை நோயாளி தன் கையாலேயே தினமும் போட்டுக்கொள்ள வேண்டும். பயிற்சி இல்லாதவனிடம் பவர் பிரஸ்ஸைக் கொடுப்போமா?

அதனால் மருத்துவமனையையே பள்ளிக்கூடமாக மாற்றினார். பாஸ்டனில் நியூ இங்கிலாந்து டீக்கனஸ் மருத்துவமனையில் அவருடைய நோயாளிகள் படுக்கையில் சும்மா படுத்திருக்கவில்லை. வகுப்புக்குப் போனார்கள். தராசில் சாப்பாட்டை நிறுத்துப் பழகினார்கள். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து, மருந்தை அளந்து எடுத்து, தாங்களே போட்டுக்கொண்டார்கள். 1934-ல் அங்கே பேக்கர் கிளினிக் என்ற தனிக் கட்டடமே இதற்காகத் திறக்கப்பட்டது.

நம் முதலாண்டு கெமிஸ்ட்ரி லேபில் வந்த பெனடிக்ட் கரைசல் ஞாபகம் இருக்கிறதா? நீலக் கரைசலில் சர்க்கரை சேர்த்துச் சூடாக்கினால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் சிவப்பு. நாம் ரெக்கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியதோடு மறந்துவிட்டோம். ஜோஸ்லினின் நோயாளிகள் இதே சோதனையைத் தங்கள் சிறுநீரில், தங்கள் சமையலறையிலேயே செய்தார்கள். நீலம் என்றால் சந்தோஷம், சிவப்பு என்றால் நேற்று என்ன செய்தோம் என்று யோசிக்க வேண்டும். கன்ட்ரோல் சிஸ்டம் பாடத்தில் ஃபீட்பேக் என்று படிக்கிறோமே, அதுதான் இது. அளந்து பார், எழுதி வை, திருத்திக்கொள். டாக்டரிடம் போகும் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

புத்தகத்தில் ஒரு படமும் போட்டார். மூன்று குதிரை பூட்டிய ரதம். ஒரு குதிரை உணவு, ஒன்று இன்சுலின், ஒன்று உடற்பயிற்சி. கடிவாளம் பிடித்திருப்பவர் யார்? நோயாளி! படிக்கத் தெரியாதவருக்கும் அந்தப் படம் பாடம் சொல்லிவிடும்.

பாதத்தைப் பார்!

இன்சுலினுக்கு முன்னால் அவருடைய நோயாளிகளின் மரணங்களில் பாதிக்கும் மேல் சர்க்கரை மயக்கத்தால் நடந்தவை. இன்சுலின் வந்தபின் அது வெகுவாகக் குறைந்தது. ஆனால் நீண்ட நாள் வாழ்ந்தவர்களுக்குக் காலில் புண் வந்து, அழுகி, காலையே எடுக்கும் நிலை வந்தது. இது விதியோ சாபமோ அல்ல, கவனக்குறைவால் வருவது, ஆகவே தடுக்கக்கூடியது என்று ஜோஸ்லின் அடித்துச் சொன்னார். அவர் மருத்துவமனையில் பாதங்களைக் கவனிக்கவென்றே தனி ஏற்பாடு இருந்தது. தினம் கழுவு, விரல் இடுக்கைத் துடை, வெறுங்காலோடு நடக்காதே, சூடான தண்ணீர்ப் பை வைக்காதே என்று பாடம் நடந்தது.

இந்த இடத்தில் என் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் அப்பா லேத் பட்டறையில் டர்னர். அவருக்குப் பல வருஷமாகச் சுகர். காலையில் லேத்துக்கு எண்ணெய் விடாமல் ஸ்விட்சைத் தொடமாட்டார். அப்படிப்பட்டவருக்குத் தன் உடம்பை எப்படிப் பராமரிப்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை. மாதாமாதம் ஓரிடத்தில் டோக்கன் வாங்கி அரை நாள் காத்திருப்பார். உள்ளே போனால் 2 நிமிஷம். சுகர் ஜாஸ்தியா இருக்கு, வாயைக் கட்டுங்க, நடங்க. அவ்வளவுதான்! ஒருநாள் செருப்புக்குள் இரும்புச் சிப் ஏறி விரலைக் கிழித்திருக்கிறது. சுகரில் நரம்பு மரத்துப் போயிருந்ததால் அவருக்கு வலிக்கவே இல்லை. வாடை வந்தபிறகு அம்மாதான் கண்டுபிடித்தார். ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

வார்டில் ஒரு நர்ஸ் அக்கா இருந்தார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு சின்னக் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலை எப்படிப் பார்ப்பது என்று காட்டினார். பிறகு, ஐயா, இப்ப நீங்க எனக்குச் செஞ்சு காட்டுங்க என்று கேட்டு, அப்பாவையே செய்ய வைத்தார். மொத்தம் 10 நிமிஷம்தான். அன்றிலிருந்து அப்பா ஒரு ராத்திரி கூட விட்டதில்லை. பல வருஷத்துப் புத்திமதி செய்யாததை அந்த 10 நிமிஷம் எப்படிச் செய்தது என்ற கேள்வி எனக்குள் குடைந்துகொண்டே இருந்தது. அதைத் தேடி நூலகத்துக்குப் போனபோதுதான் ஜோஸ்லின் கிடைத்தார்.

வீடு தேடிப் போன நர்ஸ்கள்

ஜோஸ்லினுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்திருந்தது. டாக்டரால் மட்டும் இது முடியாது. எனவே நர்ஸ்களுக்குத் தனிப் பயிற்சி கொடுத்து, நோயாளியின் வீட்டுக்கே அனுப்பினார். வீட்டில் என்ன பாத்திரம் இருக்கிறது, சமைப்பது யார், சிரிஞ்சை எங்கே வைக்கிறார்கள் என்று அங்கேயே பார்த்து, அந்த வீட்டுக்குத் தகுந்தபடி சொல்லிக்கொடுத்தார்கள். நம் தமிழ்நாட்டில் 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியபோது பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையோடு வாசலுக்கு வந்தார்களே, அதற்குப் பல பத்தாண்டு முந்தைய பாஸ்டன் நகரத்து முன்னோடிகள் என்று இவர்களைச் சொல்லலாம்.

குழந்தைகளை அவர் மறக்கவில்லை. 1932-ல் ஆக்ஸ்ஃபோர்டு வட்டாரத்தில், அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவிய கிளாரா பார்ட்டன் பிறந்த இடத்தில், சர்க்கரை நோயுள்ள சிறுமிகளுக்குக் கோடை முகாம் தொடங்கியது. ஜோஸ்லின் அதற்குப் பக்கபலமாக இருந்தார். 1948-ல் பையன்களுக்கும் ஒரு முகாம் அவர் பெயரிலேயே வந்தது. பள்ளியில் தான் மட்டும் ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தைக்கு அது அவமானம். முகாமில் எல்லோருமே ஊசி போட்டுக்கொள்பவர்கள்! நீச்சல் அடித்து, பந்து விளையாடி, நடுவில் சிறுநீர்ச் சோதனையும் செய்வார்கள். 7 வயதுக் குழந்தை 9 வயதுக் குழந்தையைப் பார்த்து ஊசி போடக் கற்றுக்கொள்ளும். கூட்டாளியைப் பார்த்துக் கற்பது எவ்வளவு சுலபம் என்று பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஹாஸ்டலில் படிக்கும் நமக்குத் தெரியாதா என்ன!

இன்னொரு யோசனையும் செய்தார். 25 வருஷம் சர்க்கரை நோயோடு வாழ்ந்து, கண்ணும் ரத்தக் குழாயும் கெடாமல் இருப்பவருக்கு மெடல்! ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தவருக்குக் கொடுப்பது போல. நோயாளி என்றால் பரிதாபத்துக்குரியவர் என்ற எண்ணத்தை அந்த மெடல் மாற்றியது. அவர் காலத்துக்குப் பிறகு, 1970 முதல் 50 வருஷ மெடலும் வந்தது.

குறையும் உண்டு

பெரியவர் என்பதற்காகக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஜோஸ்லின் கண்டிப்பானவர். ஒல்லியான உடம்பு, அதிகாலை எழுச்சி, ஓய்வே இல்லாத உழைப்பு. தன்னைப் போலவே எல்லோரும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார். ஒழுங்காக இருப்பவன் ஜெயிப்பான் என்று திரும்பத் திரும்பச் சொன்னதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஒழுங்காக இருந்தும் கண் போனவர் என்ன நினைப்பார்? தன் மேல்தான் தப்பு என்று குன்றிப் போகமாட்டாரா?

இங்கேதான் நம் படிப்பு உதவுகிறது. அன்று நோயாளியின் கையில் இருந்த கருவி என்ன? சிறுநீர்ச் சோதனை. ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் அது சிறுநீரில் இறங்கும். அதற்குக் கீழே 170 இருந்தாலும் நீலம்தான், ஆபத்தாக 50-க்கு இறங்கினாலும் அதே நீலம்தான். போதாக்குறைக்கு அது காட்டுவது சில மணி நேரத்துக்கு முந்தைய நிலைமை. ரெசல்யூஷன் இல்லாத, டைம் லேக் உள்ள மீட்டரைக் கொடுத்துவிட்டு, ரீடிங் சரியில்லை என்று ஆபரேட்டரைத் திட்டினால் அது நியாயமா? விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வீட்டிலேயே பார்க்கும் மீட்டர் பரவலானது 1980-களில்தான். ஆகவே சொல்லித்தருவது வேறு, குற்றம் சொல்வது வேறு. முதலாவதை ஜோஸ்லினிடம் கற்போம், இரண்டாவதை விட்டுவிடுவோம்.

காலம் சொன்ன தீர்ப்பு

1940-களில் அவருக்கு எதிர்ப்பு கிளம்பியது. நியூயார்க்கில் எட்வர்ட் டால்ஸ்டாய் போன்ற டாக்டர்கள், நோயாளி தெம்பாக இருந்தால் போதும், சிறுநீரில் சர்க்கரை போவதைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டாம் என்று வாதிட்டார்கள். கேட்கவும் இனிப்பான பேச்சு! ஜோஸ்லின் தன் பேரேட்டை நம்பினார், அசையவில்லை. ஆனால் அவர் வாழ்ந்தவரை விவாதம் முடியவில்லை. கடைசி நாட்கள் வரை நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த அவர், 1962 ஜனவரி 28-ம் தேதி தன் 92-வது வயதில் காலமானார்.

தீர்ப்பு வர இன்னும் 31 வருஷம் ஆனது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 1993-ல் வெளியானது. தினம் பல முறை ரத்தத்தைச் சோதித்து, அதற்குத் தக்கபடி இன்சுலினை மாற்றிக்கொண்டு, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்குக் கண் பாதிப்பு தொடங்கும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்திருந்தது. கிழவர் சொன்னது சரி! அதுவும் எப்படி? மாதாமாதம் ஆலோசனை, போனில் விசாரிப்பு, திரும்பத் திரும்பச் சொல்லித்தருதல். மருந்தோடு ஆசிரியரும் கூடவே இருந்தார்.

வரும்முன் காப்பது பற்றி 1921-ல் அவர் எழுதியதற்கும் பதில் கிடைத்தது. நம் சென்னையிலேயே டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. நோயின் வாசலில் நின்றவர்களுக்குச் சாப்பாடு பற்றியும் நடை பற்றியும் தொடர்ந்து ஆலோசனை சொன்னதிலேயே, நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது.

நாம் செய்யக்கூடியது

நண்பர்களே! நம்மில் யார் வீட்டில் சுகர் இல்லை? அப்பாவுக்கு இல்லையென்றால் அத்தைக்கு, மாமாவுக்கு, பாட்டிக்கு. அவர்களிடம் நாம் என்ன சொல்கிறோம்? ஸ்வீட்டைத் தொடாதே, சொன்னா கேட்கமாட்டியா என்று அதட்டுகிறோம். அதட்டினால் மனுஷன் மாறமாட்டான். ஒளித்துவைத்துத் தின்பான்!

பதிலாக ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். தேதி, சர்க்கரை அளவு, அன்று சாப்பிட்டது, நடந்த தூரம் என்று கட்டம் போட்டுத் தாருங்கள். அவர்கள் கையாலேயே எழுதட்டும். மீட்டரை நீங்கள் பிடுங்கிப் பார்க்காமல், அவர்களையே பார்க்க விடுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் திணிக்காமல், ஒரு வாரத்துக்கு ஒரு விஷயம் போதும். புரிந்ததா என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். செய்து காட்டச் சொல்லுங்கள். ராத்திரி படுக்கும் முன் பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் விடாமல் எழுதினால் கை தட்டிப் பாராட்டுங்கள், அதுதான் நம் வீட்டு மெடல்.

மெஷினுக்குக் கையேடு எழுதப் படிக்கிறவர்கள் நாம். மனுஷனுக்குச் சொல்லித்தர நம்மால் முடியாதா? முடியும். இன்று ராத்திரியே வீட்டில் ஒருவரிடமிருந்து தொடங்குவோம்!